ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு: காணாமல் போன தகப்பனும் ஜீவனாம்சப் பாக்கியும்

முன்னுரை

கொடைரோடு ரயில் நிலையம் வெளியூர்க்காரர்களுக்குக் கொடைக்கானல் போக இறங்கும் இடம். அம்மையநாயக்கனூர்ப் பேரூராட்சியில் குடியிருப்பவர்களுக்கு அது ஏறும் இடம். பக்கத்திலேயே கன்னியாகுமரி வரை நீளும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் போகிறது. இரவில் ஒரு பையோடு கிளம்பியவர் விடியும்போது வேறு மாநிலத்தில் இருக்கலாம். அப்படிப் போய்த் திரும்பாதவரைப் பற்றி ஊர் 'விட்டுட்டுப் போயிட்டான்' என்று பேச்சை முடித்துக்கொள்கிறது. பிள்ளைகளோடு நிற்கும் தாயிடம் சட்டம் நான்கு கெடுக்களைச் சொல்கிறது. வாரண்டுக்கு ஓராண்டு, சிவில் வழக்குக்கு மூன்றாண்டு, அரசு ஓய்வூதியத்துக்கு ஐந்தாண்டு, இறந்தவராகக் கருத ஏழாண்டு.

இந்த நான்கும் தாயின் தாமதத்தையோ தகப்பனின் மறைவையோதான் அளக்கின்றன. பிள்ளையின் வயதைக் கணக்கில் எடுப்பது ஒன்றுமில்லை. எனவே மறைந்திருக்கும் காலம் நீள நீள, மறைந்தவரின் கடன் குறைகிறது. பாக்கியைக் கணக்கிடும் முறையும் ஆளைத் தேடும் பொறுப்பும் பிள்ளையின் உரிமையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வந்து நிற்பவருக்கான சட்டம்

மனைவி மக்களைக் கைவிட்டவரிடமிருந்து மாதாந்தரத் தொகை பெற்றுத்தரும் அதிகாரம் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488ஆம் பிரிவாக இருந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 125ஆம் பிரிவானது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகத் தொடர்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் இதில் இடமுண்டு. மாதம் 500 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பை 2001ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து இயன்றவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. மனு போட்ட நாளிலிருந்தே தொகை வழங்க வேண்டும், இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவை ஒவ்வொன்றும் நல்ல முன்னேற்றமே. ஆனால் அனைத்தும் எதிர்மனுதாரர் ஒரு விலாசத்தில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நிற்பவை. நோட்டீஸ் சார்வாகாவிட்டால் அந்த 60 நாள் தொடங்குவதே இல்லை. வராதவர் பிரமாணப் பத்திரமும் தருவதில்லை. வேண்டுமென்றே சம்மனைத் தவிர்ப்பவர்மீது ஒருதலைப்பட்சமாக உத்தரவிடலாம் என்பது உண்மை. ஆனால் கையில் அந்த உத்தரவு கிடைத்த பிறகுதான் தாயின் உண்மையான சிரமம் ஆரம்பமாகிறது.

ஓராண்டுக் கெடு

தொகை கட்டாவிட்டால் அபராதம் வசூலிப்பதுபோல் வசூலிக்க நீதித்துறை நடுவர் வாரண்ட் பிறப்பிக்கலாம். அப்போதும் கட்டாதவரை ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறை சென்றதால் கடன் தீர்ந்துவிடாது என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் தொகை கட்டவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அதை வசூலிக்க நிறைவேற்று மனு போடாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்ட் இல்லை. புதிய சட்டமும் இந்த விதியை அப்படியே வைத்துக்கொண்டது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2012 ஜனவரியில் தகப்பன் போகும்போது பிள்ளைக்கு 3 வயது. தாய் 2016 ஜனவரியில் மனு போட்டு, அந்த மாதம் முதல் 3,000 ரூபாய் என்று உத்தரவு பெறுகிறார். ஆள் அகப்படாததால் நிறைவேற்று மனு போடவில்லை. 2024 ஜனவரியில் அவர் வேறோர் ஊரில் இருப்பது தெரிகிறது. 96 மாதப் பாக்கி 2,88,000 ரூபாய். வாரண்ட் மூலம் கிடைக்கக்கூடியது கடைசி 12 மாதத்துக்கான 36,000 ரூபாய் மட்டுமே. 2012 முதல் 2015 வரையிலான 48 மாதங்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. பிரிவு 125இன் தொகை மனுவுக்கு முந்தைய காலத்தைத் தொடுவதில்லை.

இந்த ஓராண்டுக் கெடுவின் எல்லையை வரையறுத்தது தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு. மனைவியும் மகனும் கோரிய பாக்கியைச் சென்னை உயர் நீதிமன்றம் ஓராண்டுக்குள் சுருக்கியிருந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓராண்டு விதி கடனை அழிப்பதில்லை. வாரண்ட் என்ற ஒரு வழியைத்தான் மட்டுப்படுத்துகிறது. சிவில் வழி திறந்தே இருக்கிறது என்றது. உரிய காலத்தில் போட்ட மனு நிலுவையில் இருந்தால், பின்னர் சேரும் பாக்கிக்குத் தனித்தனி மனு தேவையில்லை என்பது முன்பே 2005இல் முடிவான சங்கதி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. விலாசம் தெரியாவிட்டாலும் நிறைவேற்று மனுவை உரிய காலத்தில் போட்டு, அது முடித்துவைக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றும் பதினெட்டும்

திறந்திருக்கும் அந்தச் சிவில் வழியிலும் ஒரு கெடு உண்டு. 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 105ஆம் இனம், இந்து ஒருவர் ஜீவனாம்சப் பாக்கி கேட்க மூன்றாண்டு தருகிறது. மேற்கண்ட கணக்கில் அது 1,08,000 ரூபாய். மிச்சம் 1,80,000 ரூபாய் தகப்பனுக்கு லாபம்.

இங்குதான் கெடுவை யாருடைய கடிகாரத்தால் அளப்பது என்ற கேள்வி எழுகிறது. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தகப்பன் தாய் இருவரிடமும் கேட்கும் உரிமையை நேரடியாகப் பிள்ளைக்கே தருகிறது. காலவரம்புச் சட்டத்தின் 6, 8ஆம் பிரிவுகளோ, வழக்குத் தொடரும் உரிமை பெற்றவர் மைனராக இருந்தால், மேஜரான பிறகும் அதிகபட்சம் மூன்றாண்டு வரை வழக்கிட இடம் தருகின்றன. உரிமை பிள்ளையுடையது என்றால், தாயின் தாமதம் பிள்ளையின் கணக்கில் ஏறக் கூடாது. நம் கணக்கில் உள்ள பிள்ளை 2027இல் மேஜராகிறது. தன் பங்குப் பாக்கி முழுவதையும் 2030 ஜனவரிக்குள் கேட்க அதற்கு வழி இருக்க வேண்டும். சட்டத்தை மாற்றாமலேயே எடுத்துவைக்கத்தக்க வாதம் இது.

ஐந்தும் ஏழும்

கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு ஓய்வூதியம் தருகிறது. 2023 முதல் அது மாதம் 1,200 ரூபாய். 30 வயது நிறைந்திருக்க வேண்டும். மணவிலக்கோ சட்டப்படியான பிரிவோ இல்லையென்றால் ஐந்தாண்டு கைவிடப்பட்டிருக்க வேண்டும். 22 வயதில் கைவிடப்பட்டவரின் கைக்குழந்தை பள்ளிக்கூடத்தில் சேரும் வயதைத் தாண்டிய பிறகே இந்தக் கதவு திறக்கும். ஏழாண்டு தகவலில்லாதவரை இறந்தவராகக் கொள்ளும் சாட்சியச் சட்ட விதியோ அவரது சொத்தில் வாரிசுரிமை கேட்க உதவும். கட்டாமல் போன மாதங்களுக்கு அது விடை சொல்வதில்லை.

யார் தேடுவது?

'ஆளைக் காணோம்' என்ற புகாரில் காவல் துறை ஒருவரைக் கண்டுபிடித்தால், 'என் விருப்பப்படிதான் வந்தேன்' என்ற வாக்குமூலத்தோடு கோப்பு பொதுவாக முடிந்துபோகிறது. ஜீவனாம்ச வழக்கின் கோப்பு வேறோர் அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டியவர் தாய்தான். நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகும் பூவை விடியுமுன் பறித்துக் கொடுத்துவிட்டு வாய்தாவுக்கு ஓடுகிறவரிடம் துப்பறியும் வேலையையும் சுமத்துவது நடைமுறைச் சட்டமாகாது.

ஆள் மறைந்தாலும் தடம் மறைவதில்லை. வருங்கால வைப்புநிதிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு ஆகியவை அரசு அமைப்புகளின், வங்கிகளின் பதிவில் உள்ளன. ஆவணம் கேட்டு அழைப்பாணை அனுப்பும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அதைவிட எளியது நிலம். அபராதம்போல் வசூலிப்பது என்றால், மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரிப் பாக்கிபோல் வசூலிப்பதும் அதில் அடங்கும். ஆள் எங்கிருந்தாலும், கூட்டுப் பட்டாவில் அவர் பெயர் ஊரில்தான் இருக்கிறது.

தகப்பனும் ஏழைக் கூலியாக இருந்தால் என்ன செய்வது என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் வருமானத்துக்கேற்பத் தொகையை மாற்றிக்கொள்ளச் சட்டத்திலேயே வழி உண்டு. அதற்கு அவர் வந்து சொல்ல வேண்டும். ஏழ்மை தொகையைக் குறைக்கலாம். மறைவு குறைக்கக் கூடாது. ஜெர்மனியில் 1980 முதல் அரசே பிள்ளைக்கு முன்பணம் தந்து, கடமை தவறிய பெற்றோரிடம் வசூலிக்க முயல்கிறது. 2017இல் அந்த உதவி 18 வயது வரை நீட்டிக்கப்பட்டது. நாம் ஓய்வூதியம் தருகிறோம். ஆனால் அந்தப் பணம் யாருடைய கடன் என்று கேட்பதில்லை. இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 27ஆம் விதி, ஜீவனாம்சத்தை மீட்டுத்தர நடவடிக்கை எடுக்கும் கடமையை அரசின்மீதே வைக்கிறது.

முடிவுரை

முழுத் தீர்வுக்குச் சட்டத் திருத்தம் வேண்டும். ஓராண்டு விதி மைனரின் பங்குக்குப் பொருந்தாது என்றாக வேண்டும். ஐந்தாண்டுக் காத்திருப்பு நீங்க வேண்டும். அதுவரை செய்யத்தக்கதும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, வருமானம் பாராமல் பெண்களும் குழந்தைகளும் இலவச சட்ட உதவி பெறலாம். அந்த உதவி உத்தரவோடு நின்றுவிடுகிற இடத்தில்தான் பாக்கி சேரத் தொடங்குகிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஜீவனாம்ச உத்தரவுகளுக்கு ஒரு பதிவேடு வைத்து, ஆண்டு திரும்புவதற்குள் நிறைவேற்று மனுவைத் தானே போட்டு, பட்டா விவரத்தையும் அதனுடன் இணைக்கலாம். பதிவேட்டின் முதல் பத்தியில் எழுதவேண்டியது உத்தரவின் தேதியல்ல, பிள்ளையின் பிறந்த தேதி.