கொடியா, கொடையா, கோடையா?

போன மே மாதம் குடும்பத்தோடு வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினோம். பெருமாள்மலை தாண்டும்போது வேன் டிரைவர் சொன்னார்: "கொடி நிறைஞ்ச கானகம் சார், அதான் கொடைக்கானல்." என் பொண்ணு விடவில்லை. "அப்போ கொடிக்கானல்னுதானேப்பா இருக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் தோண்ட ஆரம்பித்தேன்.

இணையத்தில் மூன்று விளக்கங்கள் சுற்றுகின்றன. கொடிகள் அடர்ந்த காடு. காட்டின் கொடை. கோடையில் போய்த் தங்கும் இடம். மூன்றுமே கேட்க நன்றாக இருக்கின்றன. அதுதான் பிரச்சினையே.

முதலில் கொடி. மனிதர்கள் இந்தச் சொல்லைச் செடியோடு விட்டுவைக்கவில்லை. நீளமாக, மெல்லியதாக, எதையாவது பற்றிக்கொண்டு போவதெல்லாம் தமிழில் கொடிதான். துணி காயப்போடுவது கொடி. கழுத்தில் தாலிக்கொடி, இடுப்பில் அரைஞாண் கொடி. தாயையும் பிள்ளையையும் இணைப்பது தொப்புள்கொடி. "கொடி சுத்திப் பொறந்த புள்ள" என்று ஊரில் சொல்வார்கள். வம்சத்தை வரைந்து காட்டினால் அது கொடிவழி. ஆங்கிலத்தில் குடும்பம் ஒரு மரம். நமக்கு அது கொடி.

பழனி மலைப் பக்கம் இன்னும் ஒரு படி மேலே. வள்ளி என்பதும் ஒரு கொடியின் பெயர்தான். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை என்பதால் அவள் வள்ளி ஆனாள் என்கிறது கதை. அதே காட்டுவள்ளிக் கிழங்கு இந்த மலையின் பளியர்களுக்குப் பரம்பரை உணவு. கிழங்காக ஒரு வீட்டில், தெய்வமாக ஒரு கோயிலில். இவ்வளவு வளமான சொல் ஊர்ப்பெயரிலும் இருக்கக்கூடாதா என்று ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் பொண்ணு கேட்டது சரி. கொடி ஏன் கொடை ஆக வேண்டும்? இகரம் ஐகாரமாக மாறியதற்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

இங்கேதான் என் தொழில் கொஞ்சம் உதவியது. எழுத்துருக் குறியாக்கத்தில் ஒரு பழைய தலைவலி உண்டு: இரண்டு எழுத்துக்கு ஒரே குறி கொடுத்துவிட்டால், திரும்பப் பிரிக்கவே முடியாது. ஆங்கிலத்தில் 'கொ'வுக்கும் 'கோ'வுக்கும் ஒரே எழுத்துக் கூட்டல். ஆங்கிலேயர் வரைபடத்தில் ஏறிய கணத்திலேயே குறிலும் நெடிலும் கலந்துவிட்டன.

பழியை வெள்ளைக்காரன் மேல் மட்டும் போட முடியாது. ஓலைச்சுவடியிலும் இதே கதைதான். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்றது தொல்காப்பியம். ஆனால் ஏட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்த பிறகே குழப்பம் தீர்ந்தது. அதற்கு முந்தைய ஏட்டில் கொடையும் கோடையும் கண்ணுக்கு ஒன்றுதான்.

சரி, கோடை? புறநானூறு 205-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார், கடிய நெடுவேட்டுவன் என்ற தலைவனைக் கோடை மலைக்கு உரியவன் என்று அழைக்கிறார். அந்தக் கோடை மலை இதுதான் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். சங்கத் தமிழில் கோடை என்றால் வெயில் காலம் மட்டுமில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் காற்றும் கோடைதான்.

அப்புறம் கானல். கடற்கரைச் சோலைக்கும், பாலையில் தெரியும் பொய்த்தண்ணீருக்கும் இந்தச் சொல்லைப் படித்திருக்கிறோம். மலையில் ஏது கானல்? மூணாறு பக்கம் போனால் சின்னக்கானல், பெரியகானல் என்றே ஊர்கள் இருக்கின்றன. ஆக, மேற்குத் தொடர்ச்சி மலையில் இது புழங்கிய இடப்பெயர்ச் சொல். இங்கு மட்டும் யாரோ கவித்துவமாக வைத்த பெயர் இல்லை.

அதனால் என் கட்சி கோடை. ஆனால் 'கோடை வாசஸ்தலம்' என்ற பொருளில் இல்லை. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று என் மனைவி கேட்டாள். நிறைய இருக்கிறது. 1821-ல் லெப்டினன்ட் வார்டு மலையை அளக்க வந்தார். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் வெயிலுக்குப் பயந்து வீடு கட்டினார்கள். ஏரி உருவானது 1863-ல், லெவிஞ்ச் முயற்சியில். 'கோடைக்கு வந்து தங்கும் ஊர்' என்று சொன்னால், ஊரின் வயது அந்த 1845-லிருந்து தொடங்கிவிடுகிறது. அதற்கு முன் அங்கே வாழ்ந்த பளியரும், மன்னவனூர், பூம்பாறை விவசாயிகளும், வேட்டுவத் தலைவனும் பெயரிலிருந்தே காணாமல் போகிறார்கள். சுற்றுலா வந்தவன் பேரால் ஊர்க்காரன் அழிந்த கணக்கு.

பொண்ணுக்கு இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ டிரைவர் அங்கிள் சொன்னது தப்பாப்பா?" என்றாள்.

பெயர்க் காரணம் தப்பு. ஆனால் சோலைக்காட்டுக்குள் பத்தடி நடந்து பாருங்கள், ஒவ்வொரு மரத்திலும் கொடி. அந்த மனுஷன் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்.