மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வழக்குகள் (2021–2024)

2021 ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரையிலான மூன்று மாதங்களில் இந்திய வருமான வரித் துறை அனுப்பிய சுமார் 90,000 மறுமதிப்பீட்டு நோட்டீஸ்கள் செல்லுமா என்ற கேள்வியிலிருந்து கிளைத்த வழக்குத் தொடரே மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வழக்குகள் எனப்படுகிறது. உயர் நீதிமன்றங்களில் 9,000-க்கும் மேற்பட்ட ரிட் மனுக்கள் குவிந்தன. உச்ச நீதிமன்றம் இதில் இரண்டு முறை தீர்ப்பளித்தது: 2022 மே 4 அன்று ஆஷிஷ் அகர்வால் வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று ராஜீவ் பன்சால் வழக்கில். இந்த இரண்டாம் தீர்ப்பு தந்த கணக்கை வைத்துக்கொண்டுதான் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அமர்வுகள் ஒவ்வொரு கோப்பாக எடுத்து நாள் எண்ணத் தொடங்கின.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தேதிகளைப் பற்றிய சண்டை. உண்மையில், முடிந்துபோன ஓர் ஆண்டின் கணக்கை அரசு எதுவரை திரும்பத் திறக்கலாம் என்பதே இதன் மையம். ஒரு கட்டத்துக்கு மேல் பழைய விவகாரங்களைக் கிளறக் கூடாது, சட்ட நடவடிக்கை எதற்கும் ஒரு முடிவு வேண்டும் என்று பரசுராம் பாட்டரி ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-களிலேயே சொல்லியிருக்கிறது. காலவரம்பை வெறும் தொழில்நுட்ப ஓட்டை என்று ஒதுக்குவோர் உண்டு. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய வங்கி வரவு ஒன்றுக்கு விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, மூடிய கிளையையும் தொலைந்த ரசீதையும் தேடி அலையும் ஒரு சிறு வியாபாரிக்கு அது ஓட்டை அல்ல, பாதுகாப்பு.

பின்னணி

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 147, 148 பிரிவுகள், வரிக்கு உட்படாமல் தப்பிய வருமானத்தை மறுபடி மதிப்பிடும் அதிகாரத்தை மதிப்பீட்டு அலுவலருக்குத் தருகின்றன. இந்த அதிகாரத்துக்கு நீதிமன்றங்கள் போட்ட கடிவாளங்கள் இரண்டு முக்கியமானவை. அலுவலர் தம் காரணங்களை எழுத்தில் தர வேண்டும், வரி செலுத்துபவரின் ஆட்சேபணையைப் பரிசீலித்துத் தனி உத்தரவு போட வேண்டும் என்றது 2002-இல் ஜி.கே.என். டிரைவ்ஷாஃப்ட்ஸ் தீர்ப்பு. அதே ஆவணங்களை வைத்துக்கொண்டு கருத்தை மட்டும் மாற்றிக்கொள்வது மறுமதிப்பீட்டுக்குக் காரணம் ஆகாது என்றது 2010-இல் கெல்வினேட்டர் தீர்ப்பு.

பழைய முறையில் காலவரம்பு பொதுவாக மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 4 ஆண்டு. தப்பிய வருமானம் 1 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் 6 ஆண்டு. 2021-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதை அடியோடு மாற்றியது. பொதுக் காலவரம்பு 3 ஆண்டாகக் குறைந்தது. தப்பிய வருமானம் சொத்து வடிவில் 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் 10 ஆண்டு வரை போகலாம். பழைய சட்டப்படி ஏற்கெனவே காலாவதியான ஆண்டைப் புதிய 10 ஆண்டைக் காட்டித் திறக்க முடியாது என்ற காப்பும் சேர்ந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் 148ஏ பிரிவு. 148 நோட்டீஸ் அனுப்பும் முன்பே, கையில் உள்ள தகவலைக் காட்டி, ‘ஏன் திறக்கக் கூடாது?’ என்று கேட்டுப் பதில் வாங்கி, அதன் மேல் காரணம் சொல்லும் உத்தரவு போட வேண்டும். இது 2021 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

குறுக்கே வந்தது கொரோனா. 2020 மார்ச் 20 முதல் 2021 மார்ச் 31 வரை முடிய வேண்டிய காலக்கெடுக்களை நீட்டிக்க ஒரு தளர்வுச் சட்டம் 2020-இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் வந்த அறிவிக்கைகள் கெடுவைப் படிப்படியாகத் தள்ளி 2021 ஜூன் 30 வரை கொண்டுபோயின. கடைசி இரு அறிவிக்கைகளில் துறை ஒரு விளக்கத்தையும் சேர்த்தது: இந்த நோட்டீஸ்களுக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும். நாடாளுமன்றம் நீக்கிய பிரிவுக்கு ஓர் அறிவிக்கை உயிர் கொடுக்க முடியுமா? மொத்த வழக்கும் இந்த ஒரு வரியில் முளைத்தது.

முதல் சுற்று

அலகாபாத், தில்லி, ராஜஸ்தான், கல்கத்தா, மும்பை உயர் நீதிமன்றங்கள் முடியாது என்றன. சென்னை உயர் நீதிமன்றமும் வேலூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி தொடர்ந்த வழக்கில் 2022 பிப்ரவரியில் இதே முடிவுக்கு வந்தது. சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் மட்டும் 2021-இல் துறைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எம்.ஆர். ஷா, பி.வி. நாகரத்னா அமர்வு சட்டக் கேள்வியில் வரி செலுத்துவோர் பக்கம் நின்றது. 2021 ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிய நடைமுறைதான் பொருந்தும் என்றது. ஆனால் நோட்டீஸ்களை ரத்து செய்தால் வருவாய்த் துறைக்கு வழியே இல்லாமல் போகும் என்று சொல்லி, அரசமைப்பின் 142-ஆம் உறுப்பு தரும் சிறப்பு அதிகாரத்தைக் கையில் எடுத்தது. பழைய பிரிவில் போன நோட்டீஸ்கள் எல்லாம் 148ஏ-வின் கீழ் வந்த விளக்கம் கேட்பு நோட்டீஸ்களாகக் கருதப்படும். துறை 30 நாளில் தன்னிடம் உள்ள தகவலையும் ஆவணங்களையும் தர வேண்டும். வரி செலுத்துபவர் அடுத்த இரண்டு வாரத்தில் பதில் தரலாம். வழக்குப் போட்டவர், போடாதவர் எல்லோருக்கும் இது பொருந்தும் என்றது தீர்ப்பு.

தவறு துறையுடையது, அதைச் சரிசெய்யும் சுமையின் பாதி வரி செலுத்துபவர் தலையில் விழுந்தது. தீர்ப்பின் நோக்கம் சமநிலைதான் என்றாலும், வென்ற கட்சிக்காரர் மறுபடி பதில் எழுத உட்கார வேண்டியிருந்தது என்பதை மறைக்க முடியாது. வரி செலுத்துவோருக்கான தற்காப்புகள் அனைத்தும் திறந்தே இருக்கும் என்று அதே தீர்ப்பு சொல்லியிருந்தது. இரண்டாம் சுற்றுக்கான விதை அங்கேதான் கிடந்தது.

இரண்டாம் சுற்று

2022 மே 11 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. புதிதாக அனுப்பப்படும் நோட்டீஸ்கள் காலத்தில் பின்னோக்கிப் பயணித்து, முதல் நோட்டீஸ் போன தேதியில் போய் அமரும் என்றது அது. இந்த நம்பிக்கையில் 2022 ஜூலை முதல் செப்டம்பர் வரை இறுதி நோட்டீஸ்கள் வரிசையாக வந்தன. காலவரம்பு கடந்துவிட்டது என்று மறுபடி ரிட். அலகாபாத், குஜராத், மும்பை உள்ளிட்ட உயர் நீதிமன்றங்கள் மறுபடி துறைக்கு எதிராக முடிவெடுத்தன.

தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு 2024-இல் இரு தரப்புக்கும் பகுதி பகுதியாகக் கொடுத்தது. தளர்வுச் சட்டம் 2021 ஏப்ரல் 1-க்குப் பிறகும் செயல்படும். கெடு அந்தக் கொரோனா இடைவெளிக்குள் முடிந்திருந்தால் அது 2021 ஜூன் 30 வரை நீளும். இது துறைக்குக் கிடைத்தது. ஆனால் அந்த ஜூன் 30-ஐத் தாண்டி துறைக்கு வேறு சலுகை இல்லை. முதல் நோட்டீஸ் போன நாளில் ஜூன் 30-க்கு எத்தனை நாள் பாக்கி இருந்ததோ, அத்தனை நாளுக்குள் இறுதி நோட்டீஸ் போயிருக்க வேண்டும். இதுதான் ‘எஞ்சிய காலம்’ என்ற கோட்பாடு.

தீர்ப்பு தரும் உதாரணத்தையே பார்க்கலாம். முதல் நோட்டீஸ் 2021 மே 1 தேதியிட்டது. ஜூன் 30 வரை எண்ணினால் 61 நாள். நோட்டீஸ் போன நாள் முதல் ஆவணங்கள் தரப்பட்ட நாள் வரையிலான காலமும், பதிலுக்கான இரண்டு வாரமும் கணக்கில் வராது. பதில் 2022 ஜூன் 18 அன்று வந்ததென்றால் ஜூன் 19 முதல் கடிகாரம் ஓடத் தொடங்கும். 61-ஆவது நாள் ஆகஸ்ட் 18. அதற்குள் 148 நோட்டீஸ் வந்திருந்தால் செல்லும், ஒரு நாள் பிந்தினாலும் செல்லாது. முதல் நோட்டீஸ் ஜூன் 26 அன்று போயிருந்தால் மிச்சம் ஐந்தே நாள். சட்டத்திலுள்ள ஒரு துணை விதி அதை ஏழு நாளாக உயர்த்தும், அவ்வளவே. ஜூன் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக அனுப்பிய நோட்டீஸ்களின் கதி இந்தக் கணக்கில் ஆடிப்போனது.

2015–16 மதிப்பீட்டு ஆண்டின் கதை தனி. அதற்குப் புதிய முறையின் 3 ஆண்டு 2019 மார்ச்சிலும், பழைய முறையின் 6 ஆண்டு 2022 மார்ச்சிலும் முடிகின்றன. இரண்டுமே கொரோனா இடைவெளிக்குள் வரவில்லை. ஆகவே 2021 ஏப்ரல் 1-க்குப் பிறகு அந்த ஆண்டுக்குப் போன நோட்டீஸ்களைக் கைவிட வேண்டியதுதான் என்று துறையே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பிறகு அந்த ஒரு வாக்கியமே பல அபீல்களை முடித்துவைத்தது.

தீர்ப்பாயத்தின் வேலை

1941 ஜனவரி 25 அன்று தொடங்கப்பட்ட வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நிதி அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை; சட்ட அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. உண்மைகளை எடைபோடும் கடைசி மன்றம் அதுதான். அதற்கு மேலே சட்டக் கேள்வி மட்டுமே போகும். ‘எஞ்சிய காலம்’ கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் வகுத்தாலும், அதை ஒரு தனிமனிதரின் கோப்பில் பொருத்திப் பார்ப்பது தீர்ப்பாயத்தின் நீதித்துறை உறுப்பினரும் கணக்கியல் உறுப்பினரும் சேர்ந்து அமரும் அமர்வில்தான். நோட்டீஸில் உள்ள தேதி, அது உண்மையில் மின்னஞ்சலில் அனுப்பப்பட்ட தேதி, ஆவணங்கள் தரப்பட்ட தேதி, பதில் பதிவேறிய தேதி என்று நான்கைந்து தேதிகளை ஆடிட்டர் ஓர் அட்டவணையாகப் போட்டுத் தந்தால் பாதி வாதம் முடிந்துவிடும்.

காலவரம்புக்கு அடுத்து தீர்ப்பாயத்தில் அதிகம் எழும் கேள்வி ஒப்புதல் பற்றியது. அப்போதைய 151 பிரிவுப்படி, 3 ஆண்டுக்குள் என்றால் முதன்மை ஆணையர் மட்டத்தில் ஒப்புதல் போதுமானதாக இருந்தது. 3 ஆண்டு தாண்டினால் முதன்மைத் தலைமை ஆணையர் மட்டத்தில் வாங்க வேண்டியிருந்தது. 2017–18 மதிப்பீட்டு ஆண்டுக்கு 3 ஆண்டு 2021 மார்ச் 31 அன்று முடிந்தது. தளர்வால் ஜூன் 30 வரை நீண்டது. 2022 ஜூலையில் போன நோட்டீஸுக்கும் கீழ்மட்ட ஒப்புதலையே வாங்கியிருந்தால் அது செல்லாது. பண மதிப்பிழப்புக் காலத்தில் வங்கியில் கட்டிய ரொக்கம் வருவது இந்த மதிப்பீட்டு ஆண்டில்தான் என்பதால், இந்த ஒரு கையெழுத்து பலருக்கு முக்கியமாகிவிட்டது.

தீராத இழை

அலுவலரை நேரில் காணாமலே நடக்கும் முகமறியா மதிப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு 148 நோட்டீஸை உள்ளூர் மதிப்பீட்டு அலுவலர் அனுப்பலாமா என்ற கேள்வியில் உயர் நீதிமன்றங்கள் பிரிந்தன. கூடாது என்றது 2024 மே மாதத்தில் மும்பை உயர் நீதிமன்றம், ஹெக்ஸாவேர் வழக்கில். உள்ளூர் அலுவலர், முகமறியா அலுவலர் இருவருக்கும் அதிகாரம் உண்டு என்றது அதே ஆண்டின் பிற்பகுதியில் தில்லி உயர் நீதிமன்றம், டி.கே.எஸ். பில்டர்ஸ் வழக்கில். ஒரே நோட்டீஸ் மும்பையில் செல்லாததாகவும் தில்லியில் செல்லுபடியானதாகவும் இருக்கும் நிலை உருவானது.

சட்டம் இதற்கிடையே மறுபடி மாறியது. 2024 செப்டம்பர் 1 முதல் 148 நோட்டீஸுக்கான உச்ச வரம்பு 10 ஆண்டிலிருந்து 5 ஆண்டு 3 மாதமாகச் சுருங்கியது. தப்பிய வருமானம் 50 லட்சம் ரூபாய்க்குக் கீழ் என்றால் 3 ஆண்டு 3 மாதம். 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்கிறது. பழைய ஆண்டுகளின் நோட்டீஸ்களும் அபீல்களும் பழைய சட்டத்தின் கீழேயே தொடரும்.