அப்ரிகாட்: பழமும் பருப்பும்

விருத்தாசலம் வட்டாரத்தாருக்கு முந்திரியைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பருப்பு இனிக்கும், ஓட்டிலுள்ள எண்ணெயோ கையைப் புண்ணாக்கிவிடும். போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த அம்மரம் இம்மண்ணில் வேரூன்றிவிட்டது. அப்ரிகாட்டுக்கு அது வாய்க்கவில்லை. குளிர்காலக் குளிர் போதிய அளவு கிடைக்காவிடில் அம்மரம் சரிவரப் பூப்பதில்லை. ஆதலால் மங்களூரில் வாழும் நமக்கு அது என்றும் கடையில் வாங்கும் உலர்பழமே.

அதன் பெயரில் அரபு மொழியின் தடம் உண்டு. 'முந்திப் பழுப்பது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல், கிரேக்கத்தின் வழியே அரபியில் 'அல்பர்கூக்' ஆயிற்று. அங்கிருந்து ஸ்பானியத்துக்குச் சென்று, பின்னர் ஆங்கிலத்தில் 'அப்ரிகாட்' என நின்றது. இன்றைய அரபியில் இப்பழத்தின் பெயர் 'மிஷ்மிஷ்'. சிரியாவிலும் எகிப்திலும் இதன் சாற்றைத் தகடாக வெயிலில் உலர்த்தி, நீரில் கரைத்து, 'கமருத்தீன்' என்னும் பானமாக நோன்பு திறக்கையில் அருந்துகின்றனர்.

நமக்கு நெருங்கிய உதாரணம் ஹைதராபாத். அந்நகரத்து முஸ்லிம் திருமண விருந்துகளில் 'குபானி கா மீட்டா' பெயர்பெற்ற இனிப்பு. உலர்பழத்தை இரவெல்லாம் ஊறவைத்து, கொட்டையை நீக்கி, சர்க்கரையுடன் குழைய வேகவைப்பர். நீக்கிய கொட்டையை எறிவதில்லை. உடைத்து, உள்ளிருக்கும் பருப்பை மேலே தூவுவர். பார்வைக்கு அது வாதுமையேதான்.

இங்கேதான் கவனம் வேண்டும். இந்தியாவில் அப்ரிகாட் மிகுதியாக விளையும் லடாக்கின் மக்கள், இனிப்புப் பருப்புள்ள மரத்தை 'ஞார்மோ' என்றும் கசப்புப் பருப்புள்ளதைக் 'கந்தே' என்றும் பிரித்தே வைத்துள்ளனர். இனிப்புப் பருப்பை உண்பர். கசப்புப் பருப்பிலிருந்து எண்ணெய் எடுப்பர். அக்கசப்புக்குக் காரணம் அமிக்டலின். 1830இல் பிரெஞ்சு வேதியியலார் கசப்பு வாதுமையிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருள், வயிற்றினுள் சயனைடை வெளியிடும்.

இதனையே 'வைட்டமின் பி17' என்று பெயர் சூட்டி, புற்றுநோய்க்கு மருந்தென விற்றனர். அது வைட்டமினே அன்று. அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1982இல் வெளியானது. நோய் குணமாகவில்லை, சிலரிடம் சயனைடு நச்சின் அறிகுறிகளே தென்பட்டன. இருந்தும், நோயாளி உள்ள வீடுகளுக்குக் கைப்பேசி வழியே அப்பழைய கதை இன்றும் வந்து சேர்கிறது. அன்புடன் அனுப்புகிறவர்களே பெரும்பாலோர் என்பதால் மறுத்துரைப்பதும் நமக்குக் கடினமாகிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016இல் கூறிய கணக்கு எளியது: பச்சையாக உண்டால், பெரியவர்களுக்கு மூன்று சிறு பருப்புகளுக்கு மேல் ஆகாது, சிறு குழந்தைக்கு ஒன்றே மிகுதி.

பெருநாளுக்கு இந்த இனிப்பைச் செய்வோர், உடைத்த பருப்பில் ஒரு துணுக்கை நாவில் வைத்துப் பார்க்கலாம். கசந்தால் துப்பிவிட்டு, அத்தனையையும் ஒதுக்கி, வாதுமையைத் தூவுங்கள். சுவையில் குறை தெரியாது.