நாடற்றவரின் ஒற்றைத் தாள்

தலைமுடி, கண், முகம், மூக்கு, தனி அடையாளங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு விட்டிருந்தார்கள். அப்பா பெயர், பிறந்த தேதி, தொழில், முன்பு இருந்த ஊர், இப்போது இருக்கிற ஊர் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. ஆள் எந்த நாட்டுக்காரர் என்ற கேள்விக்கு மட்டும் எழுதி நிரப்ப எதுவும் இல்லை. ரஷ்ய வழி வந்தவர், வேறு குடியுரிமை எதுவும் பெறாதவர் என்று பதில் அச்சிலேயே வந்துவிட்டது. 1922 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய அரசுகளின் மாநாடு ஒப்புக்கொண்ட மாதிரிப் படிவம் இது. நான்சென் பாஸ்போர்ட் என்ற பெயர் பிறகு வந்தது. பாஸ்போர்ட் என்பதும் ஒரு மரியாதைக்குத்தான். முதலில் வந்தது ஒற்றைத் தாள், ஆயுள் ஒரு வருஷம்.

முதல் உலகப் போருக்கு முன்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே எல்லை தாண்டலாம். போர் அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. ஒற்றர் பயம், தப்பி ஓடும் சிப்பாய் பயம் எல்லாம் சேர்ந்து ரயில் நிலையந்தோறும் காகிதம் கேட்க ஆளை நிறுத்தின. போர் நின்ற பிறகும் அந்த ஆள் வீட்டுக்குப் போகவில்லை. 1920 அக்டோபரில் பாரிஸில் கூடிய மாநாடு பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும், எத்தனை பக்கம், எத்தனை மொழி என்று வரையறுத்தது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் பாஸ்போர்ட் புத்தகத்தின் பூர்வீகம் அதுதான்.

அடுத்த மாதமே கிரிமியா துறைமுகங்களிலிருந்து ரஷ்ய உள்நாட்டுப் போரில் தோற்ற ஜெனரல் ராங்கலின் படையும் கூடவே குடும்பங்களுமாக ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் கப்பலேறி கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் இருந்தது, இருந்தால், ஜார் காலத்துக் காகிதம். அந்த முத்திரையைப் போட்ட அரசாங்கமே உலகத்தில் இல்லை. 1921 டிசம்பர் 15 அன்று சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: புரட்சிக்குப் பிறகு அனுமதியில்லாமல் வெளியேறியவர்கள், எதிர்ப்படைகளில் இருந்தவர்கள் குடியுரிமை இழப்பார்கள். ஒரே கையெழுத்தில் லட்சக்கணக்கானவர்கள் எந்த அரசுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள்.

இதைக் கவனிக்க சர்வதேசச் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பிடித்த ஆள் ஃபிரிட்யோஃப் நான்சென். 1888-ல் கிரீன்லாந்தைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் குறுக்கே கடந்தவர். 1895-ல் வட துருவத்தை நோக்கி அதுவரை யாரும் போகாத தூரம் போய்த் திரும்பியவர். விலங்கியல் படித்தவர், லண்டனில் நார்வேயின் தூதராக இருந்தவர். 1920-லிருந்து போர்க்கைதிகளை ஊர் சேர்க்கும் வேலையில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீடு திரும்ப வைத்திருந்தார். அகதிகள் வேலையைக் கொடுக்கும்போது சங்கம் அலுவலகச் செலவுக்கு மட்டும் பணம் ஒதுக்கியது. சாப்பாட்டுக்கு, துணிக்கு, கப்பல் கட்டணத்துக்கு அவரே எங்காவது புரட்டிக்கொள்ள வேண்டும்.

அகதிகளுக்கும் அவர்மேல் முழு நம்பிக்கை இல்லை. அதே 1921-ல்தான் அவர் ரஷ்யப் பஞ்ச நிவாரணத்துக்காக சோவியத் அமைச்சர் சிச்செரினுடன் ஒப்பந்தம் போட்டிருந்தார். எங்களைத் துரத்தியவனோடு உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் எங்களுக்கு என்ன செய்துவிடுவார் என்பது பாரிஸிலும் பெல்கிரேடிலும் இருந்த பழைய அதிகாரிகளின் கேள்வி. இவர்களைத் திருப்பி ரஷ்யாவுக்கே அனுப்பிவிட முடியுமா என்றும் நான்சென் யோசித்தார் என்பது உண்மை. ஆகவே கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்தத் தாள் கருணையில் பிறந்தது என்று சொல்வது வழக்கம். பாதிதான் சரி. கான்ஸ்டான்டிநோபிளில் குவிந்தவர்களை வைத்துக்கொள்ள அங்கே யாருக்கும் விருப்பமில்லை. வேலைக்கு ஆள் தேவைப்பட்ட பிரான்சுக்கோ வருகிறவன் யார் என்று தெரியாமல் வாங்கிக்கொள்ளப் பயம். பெயரில்லாமல், பதிவில்லாமல் ஒரு பெருங்கூட்டம் எல்லைகளில் அலைவது எந்தப் போலீசுக்கும் பிடிக்காது. தாள் கொடுத்தால் எண்ணலாம், பதியலாம், வேண்டுமானால் வேறு நாட்டுக்கு நகர்த்தலாம். அதனால்தான் ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டிருந்த அரசுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை காலப்போக்கில் இதை ஏற்றுக்கொண்டன. தாளை ஜெனீவா அச்சடித்து அனுப்பவும் இல்லை. மாதிரி மட்டும் அங்கிருந்து போனது. அந்தந்த நாட்டு அதிகாரியே தன் மொழியிலும் பிரெஞ்சிலும் எழுதி, தன் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

மாதிரிப் படிவத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. இதை வைத்திருப்பவர் ரஷ்ய மண்ணில் கால் வைத்தால் தாள் செல்லாது. தாளைக் கொடுத்த நாட்டுக்கே திரும்பி வரவும் இது உரிமை தராது, அதற்குத் தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய. முதலாவது புரிகிறது. இந்த இரண்டாவதுதான் தாளுக்குப் பிறவிக் கோளாறு.

பாரிஸில் இருக்கும் ஒருவர் பிரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கப் போக வேண்டும் என்று வையுங்கள். விசா கேட்டுப் போகிறார். தூதரக அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இவர் வேலை முடிந்து கிளம்பாவிட்டால் எங்கே அனுப்புவது? ரஷ்யா வாங்காது. பிரான்சும் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதித் தரவில்லை. ஒரு முறை உள்ளே விட்டால் நம் தலையில்தான். ஆகவே விசா இல்லை. வெளியே போகலாம் என்று ஒரு நாடு கொடுத்த காகிதத்தை, திரும்பி வரலாம் என்று எழுதவில்லை என்பதற்காக இன்னொரு நாடு மதிக்கவில்லை. நாம் மனித உரிமை என்று பெரிதாகப் பேசுவது, எல்லைச் சாவடியில் இப்படி 'திரும்பி வரலாம்' என்கிற ஒரு வரியில் வந்து நிற்கிறது. அந்த வரியை எழுதிக்கொள்ளத்தான் இந்தத் தாள் முப்பது வருஷம் அலைந்தது என்பேன்.

இதற்குள் தாளின் குடும்பம் பெருகியது. 1924-ல் ஆர்மேனியர்களுக்கு வந்தது. 1928-ல் அசிரியர்களுக்கும் துருக்கியிலிருந்து வெளியேறிய வேறு சில சிறு குழுக்களுக்கும். 1926 மே 12 அன்று செய்த ஏற்பாட்டில் போய்த் திரும்பும் விசா கொடுங்கள் என்று அரசுகளுக்குப் பரிந்துரை போனது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. அதே ஏற்பாட்டில் ஸ்டாம்பும் வந்தது. நான்சென் முகம் அச்சிட்ட ஸ்டாம்ப், விலை 5 தங்க ஃபிராங்க். தாளைப் புதுப்பிக்கும்போது வசதி உள்ளவர் அதை வாங்கி ஒட்ட வேண்டும், இல்லாதவருக்கு விலக்கு. வசூலான பணம் அகதிகளுக்கு உதவும் நிதிக்குப் போனது. அரசுகள் கொடுக்காத காசை பாரிஸில் டாக்ஸி ஓட்டிய முன்னாள் ராணுவ அதிகாரிகளும் ரெனோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களும் ஐந்தைந்து ஃபிராங்காகப் போட்டு நடத்தினார்கள்.

இதை வைத்திருந்தவர்களின் பட்டியலைச் சொன்னால் ஒரு கலை விழா நடத்தலாம்: ஸ்ட்ராவின்ஸ்கி, ராக்மனினோவ், அன்னா பாவ்லோவா, ஷகால், நபோகோவ். ஆனால் நபோகோவுக்கு அதன்மேல் துளி நன்றியும் கிடையாது. தன் நினைவுநூலில் தாளின் பச்சை நிறத்தைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ஜாமீனில் வெளியே வந்த ஆளைப் போல ஒவ்வொரு எல்லையிலும் நடத்தப்பட்டவரின் கோபம் அதில் இருக்கிறது. இவான் புனின் 1933-ல் இலக்கிய நோபல் வாங்கும்போது நாடற்றவர். மூன்று வருஷம் கழித்து ஜெர்மனியின் லிண்டாவ் எல்லையில் சுங்க அதிகாரிகள் அவரைப் பிடித்து, துணியைக் களையச் சொல்லிச் சோதனை போட்டார்கள். நோபல் வாங்கியவருக்கே இந்தக் கதி என்றால் டாக்ஸிக்காரருக்கு என்ன நடந்திருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நான்சென் 1930 மே 13 அன்று இறந்தார். அவர் பெயரில் ஓர் அலுவலகம் வேலையைத் தொடர்ந்தது. 1933 அக்டோபரில் அகதிகளுக்கான முதல் முறையான உடன்படிக்கை வந்தபோது அந்த வரி எழுதப்பட்டது: இனி நான்சென் தாளில் வெளியே போகவும் திரும்பி வரவும் அனுமதி இருக்க வேண்டும். முறைப்படி தங்கியிருப்பவரைத் துரத்தக்கூடாது, சொந்த நாட்டு எல்லையில் கொண்டுபோய்த் தள்ளக்கூடாது என்ற விதியும் அதில்தான் முதன்முதலாக வருகிறது. தேச பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற இரண்டு கதவுகளை அரசுகள் தங்களுக்காகத் திறந்து வைத்துக்கொண்டன. அப்படியும் உறுதிசெய்த நாடுகள் பத்துக்கும் குறைவு.

அதே வருஷம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்களுக்கு நான்சென் தாள் கிடைக்கவில்லை. ஜெர்மனி சங்கத்தில் உறுப்பினர், அதன் மனம் கோணக்கூடாது. அவர்களுக்கென்று சங்கத்துக்கு வெளியே ஒரு தனி ஆணையரை வைத்தார்கள். ஜேம்ஸ் மெக்டொனால்ட் என்ற அந்த அமெரிக்கர் 1935 டிசம்பரில் பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டுப் பதவி விலகினார். 1934-ல் சங்கத்தில் சேர்ந்த சோவியத் யூனியன், தன்னிடமிருந்து ஓடியவர்களுக்கு இனி எந்த அலுவலகமும் வேண்டாம் என்றது. 1938-ல் நான்சென் அலுவலகத்துக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த வருஷ முடிவோடு அலுவலகத்தை மூடினார்கள். இரண்டு வேலைகளையும் சேர்த்து ஏற்ற புதிய ஆணையர் சர் ஹெர்பர்ட் எமர்சன், அதற்குச் சற்று முன்புவரை நம் பஞ்சாபின் கவர்னர்.

போருக்குப் பிறகு 1946-ல் லண்டனில் ஒரு பயண ஆவணம் உருவானது. 1951 ஜூலை 28 அன்று ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை. அதன் முதல் பிரிவைத் திறந்தால் அகதி யார் என்ற வரையறையில் முதலில் நிற்பவர்கள் 1926, 1928 ஏற்பாடுகளின்படி அகதிகளானவர்கள். பழைய தாள் இன்னும் அந்தச் சட்டத்துக்குள் உயிரோடு இருக்கிறது. உடன்படிக்கையின் பின்னிணைப்பில் 13-வது பத்தி, ஆவணம் செல்லுபடியாகும் காலத்தில் அதைக் கொடுத்த நாடு அதை வைத்திருப்பவரை எப்போது வந்தாலும் திரும்ப ஏற்கக் கடமைப்பட்டது என்கிறது. 1922-ல் விட்டுப்போன வரி இப்போது கட்டாயமாகிவிட்டது. ரஷ்யாவில் கால் வைத்தால் செல்லாது என்ற மற்ற நிபந்தனை என்னவானது என்று சுவிட்சர்லாந்திலோ பிரான்சிலோ இருக்கும் ஈழத் தமிழர்களைக் கேட்டால் தெரியும். அங்கே அகதிக்குக் கொடுக்கும் டிராவல் டாக்குமென்டில் இலங்கை தவிர மற்ற நாடுகளுக்கெல்லாம் போகலாம். மகளுக்குக் கல்யாணம் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா அம்மா சென்னைக்கோ திருச்சிக்கோ வந்து, மண்டபம் பிடித்து, சூரிச்சிலிருந்து வரும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனது இதனால்தான்.

அந்த உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்திடவில்லை, இலங்கையும் கையெழுத்திடவில்லை. ஆனாலும் திபெத்தியர்களுக்கு இந்தியா மஞ்சள் அட்டை போட்ட அடையாளச் சான்று கொடுக்கிறது. அதில் விசா குத்தி வெளிநாடு போய் வருகிறார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களிடம் இருப்பது மாநில அரசின் அடையாள அட்டை. அது முகாமில் பதிவுக்கும் உதவித்தொகைக்கும் ஆகும், விமானத்துக்கு ஆகாது. முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர் ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயணத் தாள் வாங்கி, இந்திய அரசிடம் எக்ஸிட் பெர்மிட்டும் வாங்க வேண்டும். பெர்மிட் வெளியே போவதற்கு மட்டும். ஊரில் பிழைக்க வழியில்லை, முகாமுக்கே திரும்புகிறேன் என்று அவர் நினைத்தால், வெளிநாட்டுக்காரராக விசாவுக்கு விண்ணப்பம் போட வேண்டும்.