வின்செஸ்டரின் முக்குளிப்பாளர்

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயம் 1079இல் கட்டத் தொடங்கப்பட்டது. இச்சென் ஆற்றங்கரையில், தோண்டினால் நீர் சுரக்கும் நிலத்தில் நிற்கிறது அது. 13ஆம் நூற்றாண்டில் அதன் கிழக்குப் பகுதியை நீட்டியவர்கள், மரக்கட்டைகளைப் பரப்பி அவற்றின் மேலேயே சுவரெழுப்பினர். கட்டைகளுக்கு அடியில் இருந்ததோ ‘பீட்’ எனப்படும், மக்கிய தாவரங்களாலான மெத்தென்ற மண். எழுநூறு ஆண்டுப் பாரத்தில் அது அமுங்க, 1905 வாக்கில் சுவர்கள் சாய்ந்து பெரிய விரிசல்கள் கண்டன.

கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சன், பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸை அழைத்தார். பீட்டை அகற்றி, அதன் கீழுள்ள கெட்டியான சரளை வரை புதுக் கடைக்கால் இறக்க வேண்டும். குழி வெட்டினால் தண்ணீர் நிரம்பியது. இறைத்தாலோ மண்ணும் சேர்ந்து அரித்துக்கொண்டு வரும்; சுவரே சரியலாம். தண்ணீரை அப்படியே விட்டு ஆளை இறக்குவதென்று ஃபாக்ஸ் முடிவெடுத்தார்.

இறங்கியவர் வில்லியம் வாக்கர். 1906 முதல் 1911 வரை, நாளுக்கு ஆறு மணி நேரம், 6 மீட்டர் ஆழம் வரை வேலை. உடுப்பும் தலைக்கவசமும் கனத்த காலணியுமாகச் சுமார் 90 கிலோ. கழற்றி மாட்டவே வெகுநேரம் பிடிக்கும் என்பதால், இடைவேளையில் தலைக்கவசத்தை மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடுவார், பைப் பிடிப்பார். வண்டல் கலங்கிய குழிநீரில் வெளிச்சம் துளியும் புகாது. ஆகவே எல்லாமே கைத்தடவல்தான். பீட்டை அகற்றிக்கொண்டே போய், சரளை தட்டுப்பட்டதும் கான்கிரீட் மூட்டைகளை இடைவெளியின்றி அடுக்கி, அவற்றைக் கிழித்துவிடுவார். கான்கிரீட் இறுகி அடித்தரையை அடைத்த பிறகே நீரை இறைக்க முடிந்தது. அப்புறம் கொத்தனார்கள் இறங்கி, மேலே பழைய சுவரோடு முட்டும்வரை கட்டினார்கள். மொத்தம் 25,800 மூட்டைகள், 1,14,900 கான்கிரீட் கட்டிகள், ஏறத்தாழ 9 லட்சம் செங்கற்கள். தனியொருவராகப் பேராலயத்தைக் காத்தவர் என்று வாக்கரைப் புகழ்வது மிகைதான். ஆனால் அவர் அடியை அடைக்காமல் மற்றவர்கள் ஒரு செங்கல்லும் வைத்திருக்க முடியாது.

1911 ஜூலை 15இல் நடந்த நன்றி வழிபாட்டுக்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வந்திருந்தார். வாக்கர் 1918இல் பரவிய விஷக் காய்ச்சலில் இறந்தார். 1964இல் பேராலயத்தில் அவருக்கு வைத்த சிலையில் தவறுதலாக ஃபாக்ஸின் முகம் அமைந்துவிட்டது. சரியான முகத்தோடு வேறு சிலை வைக்க 2001 ஆயிற்று.