காலண்டர் சாமி படமும் நாடகத் திரையும்



இதைப் படிக்கும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் பூஜையறையிலோ, ஊரிலுள்ள பெற்றோர் வீட்டிலோ, ஐம்பது அறுபது வருடத்துப் பழைய சாமி படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும். அதில் சாமியின் முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் பாருங்கள். இரு பக்கமும் பளிங்குத் தூண்கள், மேலே மடிப்பு மடிப்பாக ஒதுக்கிக் கட்டிய பட்டுத் திரை, பின்னால் படிக்கட்டு, தூரத்தில் மலையும் நீரும். நம் மீனாட்சியம்மன் சன்னிதியிலோ வேறு எந்தக் கருவறையிலோ இப்படி ஓர் இடம் உண்டா? கிடையாது. நீங்கள் பார்ப்பது ஒரு நாடக மேடை.

நாடக மேடை பூஜையறைக்குள் வந்த கதையில் நம் மதுரைக்கும் பங்கு உண்டு. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

கோரிப்பாளையத்தில் இருக்கும் நாம் தமுக்கம் பக்கம் போகாத நாள் குறைவு. அங்கே நிற்கும் சங்கரதாஸ் சுவாமிகள் சிலையைத் தினம் கடக்கிறோம். 1867 முதல் 1922 வரை வாழ்ந்த அவர், வள்ளி திருமணம், பவளக்கொடி முதலான நாடகங்களை எழுதியவர். 1918-ல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவை உருவாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றது இங்கேதான். மீனலோசனி என்றால் மீனாட்சியேதான். நாடகக் கம்பெனிக்கும் அம்மன் பெயர்தான் மதுரைக்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

அக்காலத்து நாடகக் கம்பெனி ஊர் ஊராகப் போகும். ஓர் ஊரில் சில வாரமோ சில மாதமோ தங்கி, கூட்டம் குறைந்ததும் அடுத்த ஊருக்கு மூட்டை கட்டும். வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு கேள்வி வரும்: இப்படி ஒரு கம்பெனிக்கு ஐந்தொகை எழுதினால் சொத்துப் பக்கத்தில் என்ன வரும்? சொந்தக் கொட்டகை இல்லை, நிலமும் இல்லை. கையில் இருப்பது உடைகள், நகைகள், வாத்தியங்கள், அப்புறம் சுருட்டி வைத்த சீன் படுதாக்கள். நடிகன் கம்பெனி மாறலாம், குரல் உடையலாம். படுதா மட்டும் கம்பெனியோடு இருக்கும். ஊருக்குள் நுழையும்போது கம்பெனியின் கௌரவமே அதில்தான்.

படுதா கட்டி நாடகம் போடுவது நம் பழைய தெருக்கூத்தில் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பம்பாயிலிருந்து புறப்பட்டு நாடெங்கும் சுற்றிய பார்சி நாடகக் கம்பெனிகள் இந்த முறையைப் பரப்பின. அவர்கள் அதை ஐரோப்பிய மேடையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். சீன், டிராப், விங் போன்ற சொற்கள் தமிழ் நாடகக்காரர் வாயில் புழங்குவது அதனால்தான். பிறகு நம்மவர்களே அதில் கைதேர்ந்துவிட்டார்கள். கன்னையா கம்பெனியின் தசாவதாரத்துக்கும், பின்னர் நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகங்களுக்கும், பாட்டுக்காகப் போனவர்களைப் போலவே காட்சி பார்க்கப் போனவர்களும் ஏராளம்.

ஒரு கம்பெனிக்கு அடிப்படையாகச் சில படுதாக்கள் வேண்டும்: தெரு, அரண்மனை தர்பார், நந்தவனம், காடு, சாதாரண வீடு. இவற்றை மாற்றி மாற்றி இறக்கினால் பெரும்பாலான கதைகளை நடத்திவிடலாம். தெருப் படுதாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை மேடையின் முன்பக்கமாக இறக்கி, அதற்கு முன்னால் பபூன் வந்து பேசிச் சிரிக்க வைப்பார். அந்த நேரத்தில் படுதாவுக்குப் பின்னால் சத்தம் போடாமல் சிம்மாசனம் வந்து சேரும். தெரு மேலே ஏறியதும் ஜனங்களுக்குத் தர்பார் தெரியும்.

இனி அதை எழுதும் விதம். முதலில் பருத்தித் துணியை அகலத்துக்கு அகலம் சேர்த்துத் தைக்க வேண்டும். வஜ்ரப் பசையைக் காய்ச்சி, வெள்ளைப் பொடி கலந்து பூசினால் துணியின் கண்கள் அடைபடும். அது காய்ந்ததும், சிறிய தாளில் போட்ட படத்தைக் கட்டம் பிரித்து, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டுக்கொள்வார்கள். நேர்க்கோடு வேண்டுமென்றால் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிவிடுவது. இன்றும் கட்டட வேலையில் பார்க்கிறோமே, அதே முறைதான்.

வண்ணப் பொடியையும் வஜ்ரத்தில் குழைத்தே பூசுவார்கள். எண்ணெய் வண்ணம் இதற்கு ஆகாது. கனமாகிவிடும், வெளிச்சம் பட்டால் பளபளக்கும், சுருட்டிச் சுருட்டி விரித்தால் வெடிக்கும். பசை வண்ணத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஈரமாக இருக்கும்போது அடர்த்தியாகத் தெரிவது, காய்ந்தபின் வெளிறிவிடும். ஆகவே ஓவியர் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நம்பாமல், நாளைக்கு என்ன நிறமாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பூச வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். பகலில் எழுதிய படுதாவை ஜனங்கள் பார்ப்பது ராத்திரியில், விளக்கு வெளிச்சத்தில். மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் நிறம் மங்கும், நீலம் கறுக்கும். அதற்கு ஈடுகட்டித்தான் வண்ணம் கூட்ட வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தூண் தூணாகத் தெரிய வேண்டும் என்பதால் கோடுகள் தடிப்பாகவும் நிழல்கள் அழுத்தமாகவும் இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் திட்டுகள். முப்பது அடி தள்ளிப் போனால் அரண்மனை. படுதாவில் தூண்களும் படிகளும் உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். நடிகர் பின்னால் நகர்ந்து படுதாவை ஒட்டி நின்றுவிட்டால், அரண்மனையைவிட ராஜா உயரமாகிவிடுவார். அதனால் எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பதையும் நடிகர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெயர் இன்று நமக்குத் தெரியாது. நாடக நோட்டீசில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் பெயர்கள் பெரிதாக வரும். தூணை எழுதியவர் பெயரைத் தேடினாலும் கிடைப்பது அரிது. பெயர் நிலைத்தவர்களில் முக்கியமானவர் சி. கொண்டையராஜு.

கொண்டையராஜு 1898-ல் சென்னையில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்துவிட்டு, பிறகு மீனலோசனி பால சற்குண நாடக சபாவில் சீன் ஓவியராகச் சேர்ந்தார். இங்கேயும் மீனலோசனி! அந்தச் சபையோடு ஊர் ஊராகப் போனார்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. 1931-ல் முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ் வந்தது. பத்தே ஆண்டில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடின. 1942-ல் கோவில்பட்டியில் இருந்தபோது கொண்டையராஜுவின் சபையும் கலைந்தது. நாற்பத்து நாலு வயதில் வேலை போயிற்று. சென்னைக்குத் திரும்பாமல் சில சீடர்களோடு அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் என்று அவருடைய சீடர் வரிசையும் பின்னாளில் பெயர் பெற்றது.

கோவில்பட்டிக்குக் கொஞ்ச தூரத்தில்தான் சிவகாசி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகங்கள் பெருகியபின் காலண்டரும் வந்தது, காலண்டருக்குச் சாமி படம் தேவைப்பட்டது. படம் எழுதத் தெரிந்தவர்களோ பக்கத்து ஊரிலேயே இருந்தார்கள். மேடையில் எதை எழுதிப் பழகினார்களோ, அதையே தாளிலும் எழுதினார்கள். தர்பார் தூண், நந்தவனம், ஒதுக்கிக் கட்டிய திரை, நடுவில் ராஜபார்ட் நின்ற இடத்தில் முருகன், ஸ்திரீபார்ட் நின்ற இடத்தில் லட்சுமி. மேடை நடிகர் சபையை நேராகப் பார்ப்பதுபோல் சாமியும் நம்மை நேராகப் பார்க்கிறது.

கொண்டையராஜு எழுதிய மீனாட்சி கல்யாணம் நம் மதுரை வீடுகள் பலவற்றில் உண்டு. பெருமாள் தாரை வார்க்க, சுந்தரேசுவரர் அம்மன் கையைப் பிடிக்கும் காட்சி. கோயில் கம்பத்தடி மண்டபத் தூணில் கல்லில் இருப்பதுதான். கல்லில் இருந்ததை வண்ணமாக்கி வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது நாடகத்தில் பழகிய கை. 1976-ல் அவர் காலமானார்.

நான் வங்கியில் கவுண்டரில் இருந்த காலத்தில், ஜனவரி பிறந்தால் வாடிக்கையாளர்கள் பாஸ்புக்கைவிட முதலில் கேட்பது காலண்டரைத்தான். “சாமி படம் போட்டது இருக்கா சார்?” என்பார்கள். வருடம் முடிந்ததும் தேதித் தாள் குப்பைக்குப் போகும், படம் சட்டத்துக்குள் போகும். கோயிலுக்கு எல்லா நாளும் போக முடியாதவர்களுக்கும் வீட்டுக்குள் ஒரு சாமி கிடைத்தது. ஓவியக் கண்காட்சி எதையும் எட்டிப் பார்க்காத குடும்பங்கள் தலைமுறையாகப் பார்த்த ஒரே ஓவியம் அதுதான்.

படுதாக்களோ நிலைக்கவில்லை. துணியும் பசையும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் எலிக்கும் இரை. நைந்தால் தூக்கிப் போட்டுப் புதிது எழுதுவார்கள். மதுரையைச் சுற்றிய கிராமத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது, பின்னால் சீன் தொங்கத்தான் செய்கிறது. ஆனால் துணியில் கையால் எழுதும் வேலை, பிளக்ஸ் வந்தபின் சுருங்கிவிட்டது. அசல் படுதா மறைந்த பிறகு, அந்தக் கைவேலைக்கு நம்மிடம் மிஞ்சியிருக்கும் சாட்சி இந்த அச்சுப் படங்கள்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். வீடு மாற்றும்போதும் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதும் பழைய சாமி படங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள், மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டும் வராதீர்கள். படத்தின் அடியில் ஓரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கொண்டையராஜு, சுப்பையா என்று இருந்தால் பத்திரப்படுத்துங்கள். தாத்தா பாட்டியின் பழைய ஸ்டூடியோ போட்டோ இருந்தால் அதன் பின்னணியையும் கவனியுங்கள். மாடிப்படி, பூந்தொட்டி, ஏரி தெரிகிறதா? அதுவும் இதே வேலைதான்.

வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நாலைந்து சேர்ந்தால் நம் கூட்ட அறைச் சுவரில் மாட்டலாம். பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, இந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் இப்போது உங்களுக்குத் தெரியும்.