யாருடைய அன்றாடம்? பொன்முடியும் ஒளிப்படமும்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. பயணித்து, கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. விடுமுறை நாள்களில் அங்கு எடுக்கப்படும் படங்களில் மூடுபனி இருக்கும். தேயிலைச் சரிவு இருக்கும். அதன் முன் நின்று சிரிக்கும் பயணியின் முகம் இருக்கும். அச்சரிவுகளில் தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளியவர்களின் முகம் இருப்பதில்லை. அவர்களுள் பலர் தமிழகப் பகுதிகளிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்தினர். அன்றாட வாழ்வை மனிதர் ஏன் படமெடுக்கின்றனர் என்ற வினாவுக்குள் யாருடைய அன்றாடம், யார் கைக் கருவியில் என்ற வினாவும் அடங்கியிருக்கிறது.

1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட ஒளிப்படக்கலை, 1850களிலேயே சென்னையில் வேரூன்றியது. மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான லினேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை, திருவரங்கக் கோயில்களைப் படமெடுத்தார். பெரும்பாலான படங்களில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒளி பதிய நெடுநேரம் வேண்டியிருந்த அக்காலத்தில் கல் பதிந்தது, அசைந்தவர் பதியவில்லை.

கருவி வேகம் பெற்றபோது மக்கள் படத்துள் வந்தனர், ஆனால் வகைமாதிரிகளாக. 1857 கிளர்ச்சிக்குப் பின், ஆளப்படுவோரை அறிந்து வைக்கும் நோக்கில் 'இந்திய மக்கள்' என்னும் படத்தொகுதி 1868 முதல் 1875 வரை 8 தொகுதிகளாக வெளிவந்தது. 1875இல் இலங்கையில் குடியேறிய ஜூலியா மார்கரெட் கேமரன் தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர், அறிஞர் படங்களுக்குப் பெயருண்டு. இலங்கைப் படங்களில் இருப்போருள் பெரும்பாலோருக்குப் பெயரில்லை. திருவிதாங்கூர் அரசின் ஒளிப்படக் கலைஞர் சக்கரியாஸ் டி குரூஸ் 1900ஐ ஒட்டி உருவாக்கிய காட்சித் தொகுப்பு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக உள்ளது. அரசு எதைக் காட்ட விரும்பியதோ, அது எஞ்சியது.

எளியவர் தாமே விரும்பிப் படமெடுத்துக்கொண்ட இடம் ஸ்டுடியோ. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழி நடந்த ஆவணப்படுத்தும் பணி, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் திரட்டியது. இத்தகைய படங்களில் மிகுந்திருப்பவை திருமணம், பூப்பு, குழந்தை, இறப்பு. அடுப்படியும் வயலும் அரிது. இது வறுமையால் மட்டும் நேர்ந்ததன்று. நாள்தோறும் அழுக்குத் துணியில் உழைத்தவர், ஒரு நாளேனும் தாம் விரும்பிய தோற்றத்தில் நிற்க ஆசைப்பட்டார். தீட்டிய திரையும் மர நாற்காலியும் அவருக்குத் தந்தது மதிப்பை.

1900இல் ஒரு டாலர் விலையில் வந்த கோடக் பிரவுனி, மேலைநாட்டு நடுத்தர வர்க்கத்தின் வீட்டு முற்றத்தை ஆல்பத்துள் கொண்டுவந்தது. இங்கே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உதகையில் உற்பத்தி தொடங்கியது. தேயிலை மலையிலேயே படச்சுருள் உருவானது. ஆயினும் கேமரா கொழுந்து கிள்ளுவோரின் கைக்கு எட்டும் பொருளாக இல்லை.

கைப்பேசி அந்நிலையை மாற்றியுள்ளது. மீன் விற்கும் தாயின் மகனான மதுரை ஒளிப்படக் கலைஞர் பழனி குமார், தூய்மைப் பணியாளரின் வாழ்வோடு தம் தாயின் உழைப்பையும் படமாக்கினார். அங்கே படம் எடுப்பவரும் படத்தில் இருப்பவரும் ஒரே வாழ்வைப் பகிர்பவர். நிலைத்திருக்கும் என நம்பும்வரை எவரும் அன்றாடத்தைப் பதிவதில்லை. கைநழுவுகிறது என உணரும்போதே பதிகின்றனர்.

பொன்முடிக்கு அருகிலுள்ள போணக்காட்டில் தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது, லயங்கள் சிதைகின்றன. ஒழுகும் கூரையையும், கொழுந்துக் கூடையையும், ஒரே வாசலில் நிற்கும் மூன்று தலைமுறையையும் காட்டும் படம், அங்கு வாழ்ந்ததற்கும் உழைத்ததற்கும் சான்று. நிலுவைத் தொகையோ வீட்டுரிமையோ கேட்கும் நாளில் அச்சான்றுக்கு எடை உண்டு. ஆனால் கைப்பேசி பழுதானால் படமும் போய்விடும். எனவே ஒவ்வொரு வீட்டுப் படத்தோடும் பெயர், இடம், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதி வைப்பது இன்றியமையாதது. கேமரனின் இலங்கைப் படங்களில் பெரும்பாலும் விடுபட்டது பெயரே.